மூன்று மூச்சு மரியாதை

எனக்குக் கேசரி பிடிக்காது, ஐயா. ஆனாலும் 2006ஆம் வருடம் முழுக்கக் கேசரி வாசனையோடுதான் வேலைக்குப் போனேன். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால், கும்மிடிப்பூண்டி வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர் டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார். அவர் பசிக்கு நான்தான் காரணம் என்பதில் எனக்கு ஒரு பெருமை. பெருமைப்பட வேறு எதுவும் கைவசம் இல்லை.

நான் பூசிக்கொண்ட அந்தக் கேசரி செண்ட்டைச் செய்தவள் உமைரா. பழவேற்காட்டில் அத்தர் விற்ற குடும்பம். அப்பா மல்லிகை, சந்தனம் என்று விற்றார். மகள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் சின்னக் கடை போட்டுச் சாப்பாட்டு வாசனைகளைச் சீசாவில் அடைத்தாள். கேசரி, பலாச்சுளை, இஞ்சி மொரப்பா, தம் உடைத்த பிரியாணி. கருவாடு கூட ஒருமுறை செய்தாள். அதை அவள் தம்பி பைசல் மட்டும்தான் பூசினான், அதுவும் பந்தயத்துக்காக.

காக்களூரில் பாக்கியநாதன் என்று ஒருவர் மொட்டைமாடி அறையில் டிகிரி காபி, சுட்ட அப்பளம் என்றெல்லாம் செய்துகொண்டிருந்தார். அவரிடமும் வாங்காமல் விடவில்லை. பீரோவில் முப்பத்தேழு சீசா சேர்ந்தது. "பொடவ வைக்க எடமில்ல, பீரோக்குள்ள சமையல்கட்டே வெச்சிக்கினு இருக்கியே" என்பாள் என் மனைவி செண்பகம். ஒரு துக்க வீட்டுக்குப் பிரியாணி பூசிக்கொண்டு போனேன். பிணத்தை எடுக்கும் முன்பே இரண்டு பேர், பந்தி எங்கே என்று என்னிடம் விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் உமைரா கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. புதுச் சீசாவை நீட்டுவாள். கண்ணை மூடுவேன். "மொதல்ல நெய்யி வருது, நடுவுல ஏலக்கா, கடசீல முந்திரி தங்குது" என்பேன். வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எனக்கு 'மூக்கு ராஜமாணிக்கம்' என்றே பெயர் வந்தது. தொழிற்சாலையில் என்னை யாரும் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வாசனை தெரியாது. நாங்கள் இரும்புக் குழாய்க்குத் துத்தநாகம் பூசுகிறவர்கள். பூசுவதற்கு முன் குழாயை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். பதினான்கு வருடம் அந்தத் தொட்டியோரம் நின்றேன். எந்த வருடம் மூக்கு போனது என்று எனக்கே தெரியவில்லை. சீசாவில் ஒட்டிய பெயரைப் படிப்பேன், முகர்ந்தவர்கள் முகத்தைப் பார்ப்பேன், மீதியை அடித்துவிடுவேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே.

மாட்டிக்கொண்டது பாலால். ஒரு ஞாயிறு கடைக்குப் பின்னால் அடுப்பில் பால் தீய்ந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து பலாச்சுளையின் நுணுக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் உமைரா பெயர் ஒட்டாத ஒரு சீசாவைக் கொடுத்தாள். "ரவா வறுத்த வாசம், பின்னாடியே குங்குமப்பூ" என்றேன். வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, அதுல ஒண்ணுமே இல்லண்ணே. கழுவி வெச்ச சீசாவுல வெறும் எண்ண."

நான் சீசாவை மூடி அவள் பக்கம் தள்ளினேன்.

"டாக்டராண்ட காட்டுங்க. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். பைசலுக்குக்கூடத் தெரியாது."

அவள் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன், ஐயா. அவள் கண் கலங்கினாள். என்னைப் பார்த்து ஒருத்தி பாவப்படுகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. என்னைத் தேற்றுவதற்காக ஒரு துண்டுத் தாளில் புளியோதரை வாசனைக்கு அளவும் எழுதிக் கொடுத்தாள்.

"கண்ணால அளந்து கலந்தா போதும்ணே. நீங்களே ஒண்ணு செஞ்சு எடுத்தாங்க. எங்க ஊட்டு வழக்கம், ஒருத்தரோட மொத கலவைய மட்டும் கிட்ட வெச்சு மூணு மூச்சு முழுசா இழுப்போம். அது மரியாத."

மற்ற சரக்கை அவள் ஒருபோதும் கிட்ட வைத்து முகர்ந்ததில்லை. தூரத்தில் பிடித்துக் கையால் வீசித்தான் பார்ப்பாள். மூக்கை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து என் முதல் கலவையைக் கொண்டுபோனேன். அவள் எழுதித் தந்த எதையும் நான் வாங்கவில்லை. எங்கள் தொட்டியில் இருந்ததுதான் சீசாவில் இருந்தது. அழகாக 'புளியோதரை' என்று எழுதி ஒட்டியிருந்தேன். உமைராவுக்கு அத்தனை சந்தோஷம். பிஸ்மில்லா சொல்லிவிட்டு மூக்கருகே வைத்து இழுத்தாள். மூன்று தேவைப்படவில்லை. சீசா அவள் கையிலிருந்து நழுவியது. கீழே விழாமல் பிடித்து மூடினேன். என் கை எப்போதும் நிதானமானது.

வேறு சீசாவை மாற்றி எடுத்து வந்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். எல்லோரும் நம்பினார்கள். சென்னை ஆஸ்பத்திரியில், பேச முடியாத நிலையிலும், அவள்தான் என் கையைப் பிடித்துத் தட்டித் தேற்றினாள். காயம் ஆறியது. வாசனை திரும்பவில்லை.

அப்புறம்தான் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். என் மூக்கு திரும்பிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்றேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "எந்த வருசமோ போனதே வந்துச்சுன்னா, என்னுது வராதாண்ணே?" என்றாள். அன்றிலிருந்து அளவு பார்த்துக் கலந்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். நெய் கொஞ்சம் தூக்கல் என்றால் நெய்யைக் குறைப்பாள். நான் சொல்வதை அப்படி யாரும் கேட்டதில்லை.

போன மாதம் ஏதோ எண்ணெய் கெட்டிருக்கிறது. கடைக்குள் நுழைந்தவர்கள் எல்லாம் குமட்டிக்கொண்டு வெளியே ஓடினார்களாம். நான் ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்தபடி, "பலாச்சொள பேசுதும்மா" என்றேன். பைசல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னா அண்ணே, மெய்யாலுமே உனக்கு மூக்கு கீதா?" என்றான். மறுநாள் எங்கள் தொழிற்சாலை வாசலில் நின்று என் மூக்கைப் பற்றி விசாரித்திருக்கிறான். அப்புறம் உங்களிடம் வந்திருக்கிறான். புத்திசாலிப் பையன்.

சீசாவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அது என்ன செய்யும் என்பதும் தெரியும், என்னைவிட அதை அறிந்தவர் இந்த வட்டாரத்தில் யார்? தெரிந்தேதான் கொடுத்தேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் என்னை வெளியே விடுங்கள், கூடவே கான்ஸ்டபிளை அனுப்பினாலும் சரி. இளநீர்ப் பாயசம் என்று புதிதாக ஒன்று கலந்து வைத்திருக்கிறாள். நான் முகர்ந்து சொல்லாவிட்டால், பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?