ஐப்பசியில் பூக்கும் வகை

"ஐப்பசியில பூக்கிற ஸ்னோடிராப் ஒண்டு வேணும் தம்பி."

லவாலிலிருந்து வரும் மெட்ரோவில், என் முன் இருக்கையில் இருந்த பெரியவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொன்னார். பெரியவரின் மடியில் பூக்கிழங்கு விற்கும் கடையொன்றின் படப் புத்தகம் விரிந்து கிடந்தது.

பக்கத்தில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பனி கரையேக்க வாற பூவை ஐப்பசியில ஏன் அண்ணை தேடுறியள்? உங்கட வளவு நிறைய ஃப்ளோர் பிளேனோ ஸ்னோடிராப் அடுக்கடுக்காப் பூக்குதே."

"அது சித்திரையில. வன்கூவரில மகள் வச்சிருக்கிறது எல்வேசி எண்ட வகை. அங்க குளிர் குறைவு, தையிலயே பூத்திடும். பூத்த உடன அவள் எனக்கு ஃபோனில கோல் எடுப்பாள். இஞ்ச பூத்தா நான் எடுப்பன்."

"மற்ற நேரம்?"

பெரியவர் தாளைப் புரட்டினார். "இதைப் பார். இலை கொட்டுற நேரம் பூக்குமாம்."

மற்றவர் எட்டிப் பார்த்தார். "இது கிரேக்க நாட்டுச் சரக்கு அண்ணை. எங்கட குளிரில ஒரு மாரிகாலமும் தாங்காது."

அடுத்த நிலையத்தில் வண்டி நின்றது. பிறகு மற்றவர் குரலைத் தணித்துக் கேட்டார்.

"அண்ணை, பூ பூக்காட்டிலும் மகளுக்குக் கோல் எடுக்கலாந்தானே?"

"எடுத்து? என்னத்தைக் கதைக்கிறது?"

இறங்குவதற்கு எழுந்தபோது, பெரியவர் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தார்.

"மாரி தாங்காட்டிப் பரவாயில்லை. அதுக்கு முதல் ஒருக்காப் பூக்குந்தானே."