உயிரோடு என்று எழுதிக் கேட்டவன்

கடல் பயணம் போகிறவர்கள் ஊறுகாய்ப் பானையின் வாயை மூன்று துணி போட்டுக் கட்டுவார்கள். காப்புச் சீட்டை மட்டும் இடுப்பு மடியில் செருகிக்கொண்டு கப்பல் ஏறிவிடுவார்கள். ஆள் கடலோடு போனால் சீட்டும் கூடவே போய்விடும் என்கிற சின்ன விஷயத்தைப் பதினோரு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்த ஊர்க்காரர்கள் மண்டையில் ஏறவில்லை. சீட்டு வீட்டில் இருக்க வேண்டும். அரிசிப் பானைக்கு அடியில் இருந்தால் போதும்.

துபாசி ஐயா, இதையும் துரைக்கு அவர் பாஷையில் சொல்லுங்கள். தேவையில்லாத பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அவர் கேட்டது முனியனைப் பற்றி. அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் செங்கல்வராயன். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மனு எழுதுகிறவன். இந்த ஊர் வணிகர்கள் ஐந்து பேர் சேர்ந்து காப்புக் கூட்டு ஒன்று நடத்துவது துரைக்குத் தெரிந்திருக்கும். மலாக்காவுக்கும் படாவியாவுக்கும் துணிக் கட்டோடு போகிற ஆட்கள் கிளம்புமுன் அதில் ஒரு பங்கு கட்டிச் சீட்டு வாங்கிக்கொள்வார்கள். போனவன் திரும்பாவிட்டால் அவன் வீட்டுக்கு முப்பது வராகன் வரும். ஆனால் தானாக வராது. மனு போட வேண்டும். கூட்டுக்குத் தலைவர் அப்துல் ரவூப் மரைக்காயர் நல்ல மனிதர்தான். ஆனாலும் ஒவ்வொரு எழுத்திலும் விரல் வைத்துப் படிக்கிறவர். அந்த விரல் எங்கேயாவது நின்றுவிட்டால் மனு திரும்பிவிடும்.

நான் எழுதியதில் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. நாற்பத்து இரண்டு மனு. வேறு எழுத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதி திரும்பி வந்ததைச் சொல்லவே வெட்கப்படுவார்கள்.

இதில் வித்தை ஒன்றும் இல்லை. செய்தி வந்து தொண்ணூறு நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். பெண்கள் அழுதுகொண்டே நாளைக் கழித்துவிடுவார்கள். முதலில் சீட்டை எடு, அழுகை எங்கேயும் ஓடிவிடாது என்று நான் போய்ச் சொல்வேன். ஆளின் அடையாளத்தைத் தெளிவாக எழுத வேண்டும். மச்சம், தழும்பு, எதையும் விடக் கூடாது. பிறகு சாட்சி. பிழைத்து வந்த கப்பலாட்களுக்குப் பேசத் தெரியாது. "இருந்தாப்ல, அப்பால காணோம்" என்பார்கள். அதை அப்படியே எழுதினால் மரைக்காயரின் விரல் அங்கேயே நின்றுவிடும். "மூழ்கக் கண்டேன்" என்று எழுதினால் விரல் மேலே நகரும். நான் பொய் எழுதுகிறவன் இல்லை. அவர்களுக்குச் சொல்ல வராததைச் சொல்லிக் கொடுப்பேன், அவ்வளவுதான். கடைசியாக மனைவி தன் தாலியைத் தட்டில் வைத்துக் கூட்டத்தார் முன் காட்ட வேண்டும்.

இன்னொன்று. மனு எழுதியவன் அடியில் தன் பெயரைப் போட வேண்டும். அவன் எழுதியதில் ஒன்று பொய்த்தால் அவன் எழுதிய அத்தனை மனுவையும் பிரித்து விசாரித்து, கொடுத்த பணத்தைக் கூட்டு திரும்ப வாங்கும். நியாயமான விதி. கண்டவனெல்லாம் எழுத வந்துவிடக் கூடாது என்று நான்தான் அதற்கு வாசகம் எழுதிக் கொடுத்தேன்.

முனியன் ஏரிக்கரைக் குப்பத்து ஆள். வலைக்காரன். கடன் கிடன் என்று எதுவும் இல்லை, மலாக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. துணிக் கட்டு தூக்கப் போனான். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, சின்ன வயதில் திருக்கை மீன் குத்தி அழுகி எடுத்தது. கப்பல் உடைந்த செய்தியோடு திரும்பி வந்தவன் அவனுடைய குப்பத்துச் சின்னதம்பி. அவன்தான் சாட்சி. அவனும் "காணோம்" என்றுதான் சொன்னான். நான் எழுதவேண்டியபடி எழுதினேன்.

முனியன் மனைவி மணியம்மாள்தான் இடக்கு செய்தாள். தாலியைத் தொடவே விடவில்லை.

"ஒடம்ப நான் கண்ணால பாக்கல. எதப் பாத்து அறுக்கச் சொல்ற?" என்றாள்.

எண்பத்தேழாவது நாள். அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பொறுமையாகச் சொன்னேன். அறுக்க வேண்டாம் அம்மா, கழற்றித் தட்டில் வை, விதியில் அறுப்பது என்று எங்கும் இல்லை. தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கய்ட்டினா திரும்பக் கட்டிக்கலாம் இல்ல?"

கட்டிக்கொள்ளலாம் என்றேன். மறுநாள் வந்து தட்டில் வைத்தாள். பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். முப்பத்தைந்தாவது மனு. அந்தப் பணத்தில் படகில் பங்கு வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாப் பெண்களும் அதைத்தான் செய்வார்கள். நான் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, போன ஐப்பசியில், பொழுது விடிகிற நேரத்தில் என் கதவைத் தட்டி முனியன் வந்து நின்றான்.

தலையில் முக்காடு, முகம் முழுக்கத் தாடி. காலைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். பலகையைப் பிடித்து மிதந்து ஏதோ தீவில் ஒதுங்கியிருக்கிறான். காய்ச்சலில் கிடந்து, மலாக்காவில் மூட்டை தூக்கி, மசூலிப்பட்டணம் வரை ஒரு கப்பலில் வந்து, அங்கிருந்து நடந்திருக்கிறான். ஆரம்பாக்கத்தில் யாரோ ஒருவன், இவன் யாரென்று தெரியாமலே, முனியன் செத்ததும் பணம் வந்ததுமான கதையை அவனிடமே சொல்லியிருக்கிறான்.

"ஊட்டுக்குப் போவல ஐயா. நேரா உங்கிட்டதான் வரேன். நான் பாட்டுக்குப் போய் நின்னா அவள கள்ளின்னு சொல்லிடுவாங்க. செத்தேன்னு எழுதினது நீதானே. உசுரோட இருக்கான்னு எழுதிக் குடு. அத எடுத்துக்கினு போறேன்" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. இதைத் துரை நம்ப வேண்டும். சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு இருந்தது. பசியோடு சாப்பிட்டான். அவன் சாப்பிடுகிறபோது காகிதத்தை எடுத்து எழுதவும் உட்கார்ந்தேன். "இதனால் அறிவிப்பது என்னவென்றால்" என்பது வரை எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அந்த அறைக்கு ஒரே கதவு, அதன் பக்கத்தில் அவன் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

தப்புகிற வழிகளைத் தேடிப் பார்த்தேன். எளாவூர்ப் பக்கம் போய் வேறு பெயரில் இரு, மாதாமாதம் நான் பணம் தருகிறேன் என்றேன். "என் பொஞ்சாதியப் பாக்காம இன்னாத்துக்கு நைனா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்று சிரித்தான். மணியம்மாளை அங்கே ரகசியமாக அனுப்புகிறேன் என்றேன். "நான் திருடனா?" என்றான். முப்பது வராகனை உழைத்துக் கட்டிவிடுகிறேன், கவலைப்படாதே என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

மரைக்காயரிடம் கூட்டிப் போயிருக்கலாமே என்று துரை கேட்பார். மரைக்காயர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார். அதன் பிறகு சின்னதம்பியைக் கூப்பிட்டு, மூழ்கக் கண்டாயா என்று கேட்டிருப்பார். அவன் "காணோம்னுதான் சாமி சொன்னேன்" என்பான். அடுத்த மனுவின் சாட்சி, அதற்கடுத்தது. எல்லோரும் அதையே சொல்வார்கள். நாற்பத்து இரண்டு வீட்டில் படகையும் கூரை ஓட்டையும் பிடுங்குவார்கள். குழந்தை குட்டிகள் இருக்கிற வீடுகள். ஒரு பக்கம் அத்தனை பேர், இன்னொரு பக்கம் ஏற்கனவே போய்விட்டவன் என்று ஊரே அழுது முடித்த ஒருவன். நான் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை.

சின்னதம்பியிடம் படகை இரவல் கேட்டேன். ஏரி நடுவில் ஒரு எல்லைத் தகராறு, இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. ஏரியில் வலை போடக் குப்பத்துக்குக் குப்பம் முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்பார்கள். இன்ன இடம் இன்ன நாள் இன்னாருக்கு. அப்படி ஒரு பாடு யாருக்கு என்று இரண்டு குப்பத்தார் அடித்துக்கொண்டார்கள். தை பிறக்கும் வரை அங்கே யாரும் வலை இறக்கக் கூடாது என்று முடிவாகி, அந்த உடன்படிக்கையை எழுதியது நான்தான். மூன்று மாதம் எந்த வலையும் விழாத இடம் இந்த ஏரியில் அது ஒன்றே.

எனக்குக் கழி ஊன்றத் தெரியாது. முனியன்தான் ஊன்றினான். மணியம்மாளை அக்கரையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், யாரும் பார்க்குமுன் பேசிவிடு என்று சொல்லியிருந்தேன். வேகமாக ஊன்றினான். வழியெல்லாம் பேசினான். அவளுக்கு ஒரு சீப்பு வாங்கி வந்திருப்பதாக எடுத்துக் காட்டினான். ஆமை ஓட்டுச் சீப்பு. நடுப்பகல், நல்ல வெயில், கண்ணுக்கு எட்டிய வரை ஒரு படகு இல்லை. வலை விழாத அந்த இடத்தில் படகு சேற்றில் தட்டியது. தள்ளுவதற்காக அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். படகை நிறுத்துகிற கல் என் காலடியில் கிடந்தது. அவன் முதுகு என் பக்கம் இருந்தது.

இரண்டாம் முறைக்கு முன் திரும்பிப் பார்த்தான். வழி தவறிவிட்டோமா என்று கேட்பவன் மாதிரி இருந்தது. பிறகு கல்லைக் கயிற்றோடு அவன் காலில் கட்டினேன். திரும்பி வரத்தான் கஷ்டப்பட்டேன். கழி எனக்கு வசப்படவில்லை, படகு வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வரவே முடியாதோ என்று பயந்துவிட்டேன். கரை சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கல் தவறி விழுந்துவிட்டது என்று சின்னதம்பியிடம் சொன்னேன்.

என் தவறு இரண்டு. மறைக்கவில்லை. படகுக்காரன் ஒவ்வொருவனும் தன் கல்லில் குறி கொத்தி வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. அடுத்தது, உடன்படிக்கையில் வலை என்றுதான் எழுதினேன். கை என்று எழுதவில்லை. இந்த ஏரியில் பெண்கள் வலை போடுவதில்லை. பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் வரிசையாகத் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பாடும் கிடையாது, முறையும் கிடையாது. எந்தப் பஞ்சாயத்தும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. எனக்கும் தோன்றவில்லை. வலை விழாத இடத்தில் இறால் சேரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான்காம் நாள் காலை அந்த வரிசையில் ஒருத்தியின் கைக்குக் கால் ஒன்று அகப்பட்டது. மற்றவர்கள் அலறிக்கொண்டு விலகியிருக்கிறார்கள். அவள் விலகவில்லை. கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியிருக்கிறாள். நாலோடு நின்றிருக்கிறது.

மணியம்மாள் எதற்காக இறால் தடவப் போனாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. முப்பது வராகன் கையில் இருக்கிறவள்.

நேராக மரைக்காயர் வீட்டுக்கு வந்தாள். வேறொரு மனுவோடு நானும் அங்கேதான் இருந்தேன். சேலையெல்லாம் சேறு. கையில் ஒரு கலயம். அதை அவர் முன்னால் வைத்தாள்.

"நீ குடுத்தது அப்டியே இருக்கு, எண்ணிக்க. ஒரு காசு தொடல. அவரு வந்தா திருப்பிக் குடுக்கணும்னு வெச்சிருந்தேன்" என்றாள். பிறகு, "வந்துட்டாரு" என்றாள்.

கலயத்தின் மேலாகத் தாலி இருந்தது. மடித்த மஞ்சள் கயிறு, அறுபடாமல். அவள் அதை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று. அதன் பிறகு அறுத்தாள். மரைக்காயர் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார். சின்னதம்பி கல்லைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

ஆமாம், முனியனை நான்தான் கொன்றேன். எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். கையெழுத்தே போடுவேன், எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் அந்தப் பெண்ணுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அவசரம். இப்போது ஆளும் இல்லை, உடலும் கிடைத்துவிட்டது, அடையாளம் சரியாக இருக்கிறது. மனு செல்லும். கடல் என்று இருக்கும் இடத்தில் ஏரி என்று மாற்றினால் போதும். துபாசி ஐயா, இந்த வலது கை விலங்கைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள், நானே திருத்தித் தருகிறேன்.