தேடிப் போனவள்

ஆரையம்பதியில் பஸ் ஏறிய இரு பெண்கள் எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். உள்நாட்டுச் சண்டை முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

“நேத்து ஒரு சிரிப்புப் படம் பாத்தன் மச்சாள். அமெரிக்காவில பிறந்த சீனப் பெட்டை, ‘நான் ஆரு’ எண்டு தேடித் திரியிறாள்.”

“அதுக்கு லீவு குடுத்தாங்களாமோ?”

“ஓங்கா. துணைக்குக் காதலனும் போறான்.”

“என்ட ஐடென்டிட்டி கார்ட்ட சுனாமியில கடல் கொண்டுபோன நேரம், நான் நான்தான் எண்டு காட்ட எத்தின அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறினன். துணைக்கு ஆரு வந்தது?”

பஸ் வேகம் குறைந்தது. அப்படிக் கேட்டவளின் கை தானாகப் பையிலிருந்து அடையாள அட்டையை வெளியே எடுத்தது. சோதனைச் சாவடி இல்லை. மாடுதான் குறுக்கே நின்றது.

“படம் முடியுமட்டும் ஒருத்தனாவது அவள பஸ்ஸால இறக்கி, ‘நீ ஆரு’ எண்டு கேட்டானா?”

“இல்லகா.”

“குடுத்து வெச்சவள்,” என்றாள், அட்டையைத் திரும்ப உள்ளே வைத்தபடி.