தொடாதே என்று சொன்னவரை நான் அடித்தது

என் பெயர் வேலுத்தாய், வயது நாற்பத்தொன்று, கணவர் பெயர் முனீஸ்வரன். வண்டிப்பெரியாருக்கு மேலே வெள்ளியாறு எஸ்டேட், கிழக்கு டிவிஷனில், கோயிலை ஒட்டிய லயத்து வரிசையில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். அதே டிவிஷனில் கொழுந்தெடுக்கும் வேலை செய்கிறேன். எனக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஆகையால் நான் தமிழில் சொல்லச் சொல்ல, பெண் காவலர் டின்டு முன்னிலையில் தமிழ் தெரிந்த ரைட்டர் எழுதிக்கொண்டார்.

எங்கள் டிவிஷன் சூப்பர்வைசர் கருத்தப்பாண்டி என்பவரைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வைத்துத் தூக்குவாளியால் அடித்தது நான்தான். அவருக்கு உதடு கிழிந்ததும் முன்பல் உடைந்ததும் என்னால்தான். அதை நான் மறுக்கவில்லை. ஏன் அடித்தேன் என்பதையும் இதே தாளில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

பாண்டீஸ்வரன் என்னுடன் பிறந்த ஒரே தம்பி. நாங்கள் எடுக்கும் கொழுந்தைச் சாக்கில் கட்டி டிராக்டர் வரும் பாதைக்குச் சுமந்து கொண்டுபோவது அவன் வேலை. அவன் மனைவி ஆர்த்தி, டவுனில் ஒரு தேயிலைத்தூள் கடையில் வேலை பார்த்தாள். போன ஐப்பசியில் ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு மலைமேல் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது மேற்கே கறுத்து இடி கேட்டது. பெண்கள் எல்லோரும் கொட்டகைக்கு இறங்கிவிடுகிறோம் என்று சொன்னோம். அதற்குக் கருத்தப்பாண்டி, "இடி குமுளிப் பக்கம்தான் இடிக்குது. இந்த வரிசைய முடிச்சிட்டு இறங்குங்க" என்று சொன்னார். நாங்கள் முடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு நாங்கள் செடிகளுக்கு இடையில் குனிந்து உட்கார்ந்தோம். தம்பி தோளில் சாக்குடன் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கினான். அவனுடைய போன் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அவன் போனில் பேசவில்லை. என்னிடம்தான் பேசினான். "அக்கா, சாக்க எடுத்துத் தலையில போட்டுக்கோ" என்று சொன்னான். அப்போதுதான் மின்னல் இறங்கியது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன.

நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அந்த மரத்தின் பட்டை உச்சியிலிருந்து வேர்வரை உரிந்து உள்கட்டை வெள்ளையாகத் தெரிந்தது. தம்பி மரத்தடியில் ஒருக்களித்துக் கிடந்தான். அதன் பிறகு அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் விழுந்த பிறகுதான் அடித்தது. அதை என் காதால் கேட்டேன், அங்கிருந்த எல்லோரும் கேட்டார்கள். கூப்பிட்டது ஆர்த்தி. மத்தி மீன் வாங்கவா, காய் வாங்கவா என்று கேட்கக் கூப்பிட்டதாகப் பின்னால் சொன்னாள்.

நான் தம்பியைத் தூக்க ஓடினேன். கருத்தப்பாண்டி குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொடாத. உடம்புல கரண்டு நிக்குது. தொட்டா நீயும் சேந்து போவ" என்று சொன்னார். விடுங்கள் என்று கத்தினேன். அவர் வேறு இரண்டு பேரையும் என்னைப் பிடிக்கச் சொன்னார், அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட என் போனை எடுத்தேன். அதை அவர் பிடுங்கிக்கொண்டு, "போனுதான் மின்னல இழுக்கும். எல்லாரும் ஆப் பண்ணுங்க. அந்தா பாருங்க, அவன் பையில இன்னும் அடிச்சிக்கிட்டிருக்கு, திரும்பவும் இறங்கும்" என்று சொன்னார். அங்கே நின்றவர்களில் போன் இல்லாதவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் அணைத்தார்கள். அழுதுகொண்டிருந்த இருதயம்மாள் அக்காவும் அணைத்தார். மழை விடும்வரை தம்பி சேற்றில் கிடந்தான், நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு கொழுந்து ஏற்ற டிராக்டர் கொண்டுவந்த மலையாளி டிரைவர் ஜிஜோ எங்களைப் பார்த்துவிட்டு மேலே ஓடிவந்தார். "என்னா எல்லாரும் நோக்கி நிக்கிறீங்க, மாறி நில்லுங்க" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் தம்பியைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அமுக்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்டு அடிக்கவில்லை. அமுக்கிக்கொண்டே இருதயம்மாள் அக்காவிடம் தன் போனைக் கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். வானம் அப்போதும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் போனிலும் ஒன்றும் இறங்கவில்லை. டிராக்டரில் போட்டுக் கீழே கொண்டுபோய், பாதி வழியில் ஆம்புலன்ஸில் மாற்றி, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அவன் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு அங்கிருந்த லேடி டாக்டரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னது: மின்னல் பட்ட ஆளின் உடம்பில் கரண்டு தங்காது, உடனே தொடலாம், தொட வேண்டும். பலருக்கு மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் நின்றுதான் போகும், அப்போதே நெஞ்சை அமுக்கினால் சிலர் பிழைப்பார்கள். செல்போன் மின்னலை இழுக்காது. மரத்தடியில் நின்றதுதான் ஆபத்து. அமுக்கியிருந்தால் என் தம்பி பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பதிலோடுதான் நான் இன்றுவரை இருக்கிறேன்.

மேனேஜர் விசாரித்தபோது கருத்தப்பாண்டி, பாண்டீஸ்வரன் போனில் பேசிக்கொண்டு நின்றான் என்று சொன்னார். இடி கேட்ட பிறகும் வரிசையை முடிக்கச் சொன்னதைச் சொல்லவில்லை. உரிந்த மரத்தை மேனேஜர் போய்ப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் தம்பியின் படத்தைப் போட்டு, மனைவி கூப்பிட்டதால் மின்னல் தாக்கி இறந்தார், மழை நேரத்தில் கணவரைக் கூப்பிடாதீர்கள் என்று ஒரு செய்தி வந்தது. அதை அனுப்பியதும் கருத்தப்பாண்டிதான். அவர் பெயர் அதில் இருக்கிறது. குழாயடியில் ஆர்த்தி குடத்தோடு வந்தால் பேச்சு நின்றது. கடையில் வாங்க வருகிறவர்களும் அதையே கேட்டதால் அவள் கடை வேலையை விட்டுவிட்டாள். போனை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். "மதினி, நான் கூப்பிடாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாருல்ல" என்று என்னிடம் கேட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "உங்க ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாங்க மதினி" என்றாள். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அதன் பிறகு ஆர்த்தி மலை வேலைக்குப் பெயர் கொடுத்தாள். அவள் முதன்முதலில் வேலைக்கு வந்த அன்று, அதாவது நேற்று மாலை, கொழுந்து நிறுக்க நாங்கள் எல்லோரும் கொட்டகையில் நின்றோம். வெளியே இடித்துக்கொண்டிருந்தது. கருத்தப்பாண்டி எல்லோரையும் பார்த்து, "இனி மலைக்கு யாரும் போன் கொண்டாரக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஆர்த்தியைக் கைகாட்டி, "இந்தப் பிள்ள அன்னைக்குக் கூப்பிடாம இருந்திருந்தா அவன் இன்னைக்கு நம்ம கூட நிப்பான். என்ன, நான் சொல்றது சரிதானே?" என்று அவளையே கேட்டார். ஆர்த்தி ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவள் தலையாட்டாமல் இருந்திருந்தால் நான் வாயால் கேட்டிருப்பேன். அவள் தலையாட்டியதைப் பார்த்த பிறகு என் கையில் இருந்த தூக்குவாளியால் அவர் வாயில் அடித்தேன். அவர் நிமிர்ந்ததும் மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை ஓங்கியபோது பிடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு கருத்தப்பாண்டி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய், மறுகையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காவல் நிலையத்துக்குப் பேசினார். நல்ல மழை, இடியும் மின்னலும் இருந்தன. அவர் திறந்த வெளியில் நின்று வெகுநேரம் பேசினார். பேசி முடித்து மகனையும் கூப்பிட்டுப் பேசினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆர்த்தி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மதினி, இவரு மட்டும் பேசுறாரே" என்றாள். அதன் பிறகு அவள் வாய்விட்டு அழுதாள். தம்பியை எடுத்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

இன்று காலை கருத்தப்பாண்டிக்கு வேண்டியவர்கள் வந்து, நான் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று சொன்னார்கள். அவர் ஆர்த்தியின் முகத்தைப் பார்த்து, நீ கூப்பிட்டதால் அவன் சாகவில்லை என்று சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். இதுவரை யாரும் திரும்பி வரவில்லை.

மேலே உள்ளதை ரைட்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசியில், ஆத்திரத்தில் அடித்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன் என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அந்த வரி இருந்தால் கோர்ட்டில் எனக்கு நல்லது என்று டின்டு மேடம் எடுத்துச் சொன்னார். எனக்குப் புரிந்தது. அந்த வரியை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மீதி இருப்பதெல்லாம் என் வாயிலிருந்து வந்தது, நடந்தது நடந்தபடி. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்)
வேலுத்தாய்