பத்து நிமிஷ விதி

— சாவியை மேசை மேல வைக்காதீங்க அண்ணி. எடுங்க.

— உன் அண்ணன் வீட்டுச் சாவி, உன்கிட்டதானே கொடுக்கணும்? துணிமணியெல்லாம் கட்டியாச்சு. கிளம்புறேன்.

— ஒரு நிமிஷம் உக்காருங்க.

— செவ்வாய்க் கிரகத்துக்குப் போன மனுஷன் இருபது நாளா ஒரு வரி எழுதல. உங்க ஆபீஸ்ல கேட்டா, "நல்லா இருக்கார்மா, மூணு வேளையும் சாப்பிடுறார்"ங்கிறாங்க. வாய்க்கு வேலை நடக்குது, கை மட்டும் விளங்காம போச்சா?

— அண்ணன் எழுதினான்.

— வந்துட்டா, வக்காலத்து வாங்க.

— தினமும் எழுதினான். நான்தான் நிறுத்தினேன்.

— என்னடி உளறுற?

— விண்வெளியிலேருந்து கடிதம் அனுப்புற இணைய முகவரியெல்லாம் இந்த அறையிலதான் பதிவு. கள்ளப் பேருல எவனும் நுழையக் கூடாதுன்னு, "நீ யாரு?"ன்னு கேட்போம். பத்து நிமிஷத்துல பதில் வரலன்னா போலின்னு கணினியே கடிதத்தைத் தள்ளிடும். பூமிக்குப் போட்ட விதி. இருபது நாளைக்கு முன்னாடி அவசரத்துல அதையே மேலயும் நீட்டிட்டேன்.

— நம்ம சொல்லு அங்க போய்ச் சேரவே இருபது நிமிஷம் ஆகும். தையல் மெஷின் மிதிக்கிற எனக்கே தெரியும். நீ என்னத்தப் படிச்சுக் கிழிச்ச?

— திட்டுங்க.

— எப்போ தெரிஞ்சுது?

— முந்தாநாள்.

— முந்தாநாளா? நேத்து என் பக்கத்துல உக்காந்து காபி குடிச்சியேடி!

— வேலை போயிடும்னு பயம் அண்ணி. நம்ம வம்சத்துலயே நாற்காலியில உக்காந்து வேலை பாக்குறவ நான் ஒருத்திதான். எப்படா இவ சறுக்குவான்னு இங்க எல்லாரும் காத்திருக்காங்க. வாயைத் தைச்சுக்கிட்டேன். இப்பதான் அதிகாரிகிட்ட ஒத்துக்கிட்டு வர்றேன். தடையை எடுத்தாச்சு. இந்தாங்க, இருபது கடிதம்.

— கொடு. கடைசியா வந்ததை முதல்ல படிக்கிறேன்.

— என்ன அண்ணி? கடைசியில என்ன எழுதியிருக்கான்?

— "கோவமா இருந்தாலும் பரவாயில்ல, ஒரே ஒரு வரி போடு. அதைப் பிடிச்சுக்கிட்டே இங்க இருந்துடுவேன்"னு.

— போடுங்களேன், இப்பவே!

— போட்டுட்டேன்டி.

— எப்போ?

— உன் ஆபீஸ் படியேறும்போது. "இனி நான் உங்களுக்கு யாருமில்ல"ன்னு.

— ஐயோ.

— நிறுத்துடி! உன் விதியைப் போடு. என்னைப் போலின்னு தள்ளு!

— இங்கேருந்து போறதுக்கு அந்த விதியே கிடையாது. இப்போ போட்டாலும் உத்தரவும் அதே வேகத்துலதான் போகும், முந்தாது. பின்னாடியே இன்னொண்ணு அனுப்புங்க. முதல் வரி போய் எத்தனை நிமிஷம் ஆச்சு?

— பன்னிரண்டு.

— அப்போ சீக்கிரம் எழுதுங்க அண்ணி, அழாதீங்க.

— எழுதுறேன். ஆனா அது சேர்ந்து இது போய்ச் சேர்ற வரைக்கும், பன்னிரண்டு நிமிஷம் அவருக்குப் பொண்டாட்டி இல்ல.