ஏரிக்கரையில் ஏறியவள்

இரவு ஒரு மணி இருக்கும். கிளியனூர் பெரிய ரோட்டை விட்டு உள்ளே பிரிகிற ஏரிக்கரைப் பாதை... மண் பாதைதான். விளக்கு கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் ஒரு குட்டியானை, சின்னச் சரக்கு வண்டி, வருகிறது. பின்னால் சாக்கை விரித்து அதன்மேல் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்கு வலி எடுத்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

கொஞ்சம் இருங்கள். வளைகாப்பு நடந்த வீட்டு மொட்டை மாடியில், வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு பேய்க் கதை பேசக் கூடாது என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்ததே... வரட்டும். வளையல் போட்டுக்கொண்டவளே சொல்லச் சொல்கிறாள். அவள் கேட்க வேண்டிய கதைதான் இது.

என் சிநேகிதி பிரபாவதியைத் தெரியுமல்லவா. அவள் நாத்தனாருக்கு நடந்தது. அன்புச்செல்வி என்று பெயர்.

அன்புச்செல்வியைக் கட்டிக்கொடுத்தது விழுப்புரத்தில். முதல் பிரசவத்தில் ராத்திரி முழுக்க அவள் ஒரு கட்டிலில் தனியாகக் கிடந்தாள். கத்தினால் அதட்டினார்கள். கத்தாமல் இருந்தபோது யாரும் வரவில்லை. பிள்ளை பிறந்தது... அழவில்லை. அதோடு புருஷன்காரனும் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்கு, அதாவது பிரபாவதி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஜவுளிக்கடையில் வேலை. யார் என்ன சொன்னாலும் "சரிங்க". அந்த ஒரு வார்த்தையோடு சில வருஷம் ஓட்டினாள்.

வானூர் பக்கம் டூலா பயிற்சி கொடுக்கிறார்கள் என்று எப்படியோ கேள்விப்பட்டாள். டூலா என்றால் மருத்துவச்சி இல்லை. ஊசி போட மாட்டாள், பிள்ளையை எடுக்க மாட்டாள். வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பிறக்கிறவரை அந்தப் பெண்ணின் கூடவே இருப்பாள். இடுப்பை நீவி விடுவாள், மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பாள், தண்ணீர் கொடுப்பாள். முக்கியமாக, விட்டுவிட்டுப் போக மாட்டாள். அதுதான் வேலை.

அண்ணன் தென்னரசுவுக்குப் பிடிக்கவில்லை.

"புள்ளைய பறிகொடுத்தவ பிரசவத்துக்கு வந்து நின்னா யாரு வூட்டுல சேப்பாங்க? உனக்கு ஏன் இந்த பேஜாரு?"

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகச் சரிங்க என்று சொல்லவில்லை.

"சேக்காத வூட்டு வாசல்ல உக்காந்துக்கினு இருப்பேன். நீ போய் சாப்பிடுண்ணா."

போனாள். ஆனால் ஆஸ்பத்திரியில் பழகப் போன முதல் பிரசவத்திலேயே ஓடி வந்துவிட்டாள். அந்தப் பெண் ஒரு கத்து கத்தினாள்... அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் பக்கம் வந்து நின்ற பிறகுதான் தான் வெளியே வந்துவிட்டதே அவளுக்குத் தெரிந்தது. கால் தானாக நடந்திருக்கிறது. காதில் விழுந்தது அந்தப் பெண்ணின் குரல் இல்லை, தன் பழைய குரல் என்று புரிந்தபோது வாந்தி எடுத்தாள்.

பயிற்சி நடத்துகிறவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. "அன்னிக்கு உனக்கு என்ன வேணும்னு இருந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

அன்புச்செல்வி அந்த ராத்திரியை நினைத்துப் பார்த்தாள். மருந்து வேண்டும் என்று தோன்றவில்லை. டாக்டர்கூடத் தோன்றவில்லை.

"யாராச்சும் ஒருத்தர் போவாம இருந்திருக்கலாம்."

சொல்லி முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். பிள்ளை பிறக்கிறவரை நின்றாள். அதற்குப் பிறகு எந்தப் பிரசவத்திலும் அவள் கால் வாசல் பக்கம் திரும்பியதில்லை.

அங்கேதான் கலைப்பிரியா பழக்கமானாள். ஸ்கேன் எடுக்க உட்கார்ந்திருந்த இடத்தில். கிளியனூர் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய ஊரில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். புருஷன் குமரேசனுக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் பெயர் அஞ்சலாட்சி. பிரசவத்தில் செத்துப்போனாள்.

எப்படிச் செத்தாள் என்று கலைப்பிரியாதான் சொன்னாள். ராத்திரியில் வலி எடுத்திருக்கிறது. குமரேசன் வெளியூரில் இருந்தான். மாமியார் லட்சுமியம்மாள், பிள்ளைத்தாய்ச்சியை ராத்திரியில் ஏரிக்கரை தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது, விடியட்டும் என்று கதவைச் சாத்திவிட்டாள். விடிந்தது... தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

வயிற்றுச் சுமையோடு போனவளுக்கு நட வேண்டிய சுமைதாங்கிக் கல்லை ஏரிக்கரையில் நட்டார்கள். இரண்டு கல் நிறுத்தி, மேலே ஒரு கல் படுக்க வைத்து. அதற்குப் பிறகு இருட்டில் அந்த இடத்தில் வண்டி நின்றுபோகும். ஊளைச் சத்தம் கேட்கும். கேட்டவர்கள் காய்ச்சலில் விழுவார்கள். பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் யாரும் போவதில்லை.

"எனக்கு நேரம் வர்றப்போ நீ வர்றியாக்கா?" என்று கலைப்பிரியா கேட்டாள்.

அன்புச்செல்வியைக் கேட்டு அழைத்த முதல் ஆள் அவள்தான். "கூப்பிடு. வர்றேன்."

மார்கழி மாதம். மத்தியானமே மெல்ல வலி ஆரம்பித்துவிட்டது. அன்புச்செல்வி பஸ் ஏறி வந்து இறங்கி, வெளிச்சத்திலேயே ஏரிக்கரையைக் கடந்து வந்து சேர்ந்தாள். சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று லட்சுமியம்மாள் இழுத்தாள். விளக்கு வைத்தார்கள். சாப்பிட்டார்கள். இழுத்து இழுத்து நடுச்சாமம் ஆகிவிட்டது. அப்போது பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் தெளிவாக வரவில்லை... பாசி கலந்தது மாதிரி பச்சையாக வந்தது.

பச்சையாக வந்தால் உள்ளே பிள்ளை தவிக்கிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரி. பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது. அன்புச்செல்வி ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். ஏரிக்கரைப் பாதையில் பள்ளம் தோண்டிக் கிடக்கிறது, பெரிய வண்டி இறங்காது, ரோட்டு முனையில் நிற்கிறோம், அதுவரை கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள்.

லட்சுமியம்மாள் வேப்பிலைக் கொத்தும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"அவ வழியில நின்னுக்கினு இருக்கா. இவளையும் கேப்பா. விடியட்டும்."

"விடிஞ்சா புள்ள இருக்காதும்மா."

"காலனியிலருந்து வந்தவ, என் வூட்டு நடையில நின்னுக்கினு எனக்கே புத்தி சொல்றியா? நீ யாரு?"

முன்பென்றால் அன்புச்செல்வி சரிங்க என்று சொல்லி வெளியே போயிருப்பாள். அவளுக்கே அது தெரிந்தது. தொண்டை வரைக்கும் வந்ததாம் அந்த வார்த்தை. விழுங்கிவிட்டாள்.

"உங்க மருமவ கூப்பிட்டு வந்தவ. அவ கைய வுட மாட்டேன். அவளையே கேளுங்க." கலைப்பிரியா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. இன்னா பண்ணணும்?"

கலைப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "போவணும்."

"கேட்டுச்சா? வழி வுடுங்க. போன தபா இதே கதவ சாத்துனீங்க. இப்ப நான் இருக்கேன்."

லட்சுமியம்மாளின் கையிலிருந்து வேப்பிலை நழுவியது. குமரேசன் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தன் குட்டியானையைக் கிளப்பினான்.

அப்படித்தான் அந்தப் பாதைக்கு வந்தார்கள்.

ஏரியில் தவளை கத்திக்கொண்டிருந்தது. மண் ஈரமாக இருந்தது. சக்கரம் சறுக்கிச் சறுக்கிப் போயிற்று. ஒரு வளைவு... தவளைச் சத்தம் நின்றது. மொத்தமாக. இஞ்சின் இருமியது. விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. வண்டி நின்றுவிட்டது.

இருட்டு.

முதலில் வந்தது வாசனை. ஊரில் பிண வாடை என்பார்கள். அது இல்லை. பச்சைத் தண்ணீர், உப்பு, கொஞ்சம் ரத்தம்... பிரசவ அறையில் நின்றவர்களுக்குத் தெரியும் அந்த வாசனை.

பிறகு சத்தம். அடியிலிருந்து மெல்ல ஒரு முனகல். ஏறியது. ஏறி ஏறி உச்சியில் நின்றது. இறங்கியது. பிறகு மூச்சு வாங்கல். கொஞ்சம் ஓய்வு... மறுபடியும் அடியிலிருந்து.

இத்தனை வருஷமாக ஊரே ஊளை என்று சொன்ன சத்தம் அது. அன்புச்செல்வி கேட்டதும் கண்டுகொண்டாள். ஊளை இல்லை. வலி. விட்டு விட்டு வருகிற பிரசவ வலி. அஞ்சலாட்சிக்கு அது இன்னும் முடியவே இல்லை.

மேகம் விலகியது. சுமைதாங்கிக் கல்லில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு இப்படியும் அப்படியும் அசைந்தது. சேலை காலோடு ஒட்டி நனைந்திருந்தது. அவள் நின்ற இடத்து மண்ணில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்... சொட்...

குமரேசன் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "அஞ்சலாட்சி... என்னை வுட்டுடு. வேணாம்... திருப்பிடலாம், வூட்டுக்கே போயிடலாம்..."

"வண்டிய திருப்பக் கூடாது" என்றாள் அன்புச்செல்வி.

"அக்கா, எறங்காத." கலைப்பிரியாவின் நகம் அவள் கையில் பதிந்தது. "என்னை வுட்டுட்டு போவாத."

பயம் இல்லாமலா இருக்கும்? குழாயடிக்கு ஓடிய அதே கால் இப்போதும் ஓடத்தான் பார்த்தது. ஓடினால் யாரிடமிருந்து ஓடுகிறோம் என்று ஒரு கணம் நினைத்தாளாம். கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளும் ஒருத்தி. அவளையும் விட்டுவிட்டுத்தான் எல்லாரும் ஓடியிருக்கிறார்கள்.

வலது கையால் கலைப்பிரியாவைப் பிடித்தபடியே வண்டியின் பின்கதவை இடது கையால் தள்ளிவிட்டாள். அது தடாலென்று விழுந்தது. அந்தக் கையை இருட்டில் நீட்டினாள்.

"அஞ்சலாட்சி. இங்க பாரு. உன்கூட அன்னிக்கு யாரும் வரல. எனக்கும் வரல. அதுக்கு இவ இன்னா பண்ணா? வழிய மறிக்காத. மறிச்சா உன்னை சும்மா வுட மாட்டேன்."

முனகல் நின்றது. கல்லைப் பிடித்திருந்தவள் தலையைத் திருப்பினாள். முகம் தெரியவில்லை.

"வலிக்குதுன்னா ஏறு. ஆசுபத்திரிக்குத்தான் போய்க்கினு இருக்கோம். ஜல்தி வா."

ஈரக் கால் மண்ணில் பதிகிற சத்தம். ஒன்று... இன்னொன்று... பக்கத்தில் வந்தது. நீட்டிய கையை ஏதோ பற்றியது. சேற்றுக்குள் கை விட்டது மாதிரி குளிர். வண்டியின் பின்பக்கம் ஒரு ஆள் பாரத்துக்குக் கிறீச்சென்று இறங்கியது.

விளக்கு எரிந்தது. இஞ்சின் தானாகப் பற்றிக்கொண்டது. குமரேசன் ரோட்டு முனை வரைக்கும் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அங்கே நின்ற ஆம்புலன்சுக்கு மாறியபோதும் இடது கையில் இருந்த பிடி விடவில்லை. திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பிரசவ அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் கலைப்பிரியா. இன்னொன்று காலி. நடுவில் அன்புச்செல்வி. வலது கை கலைப்பிரியாவிடம். இடது கையைக் காலிக் கட்டில் பக்கம் நீட்டியபடி நின்றாள்.

"ஏம்மா, கை சுளுக்கா?" என்றாள் நர்ஸ்.

"இருக்கட்டுங்க சிஸ்டர்."

ஒவ்வொரு வலிக்கும் இந்தப் பக்கம் குனிந்து, "மூச்சு வுடு, நான் இருக்கேன்" என்றாள். அந்தப் பக்கமும் குனிந்து அதையே சொன்னாள். குளிர்ந்த பிடி இறுகி இறுகி, எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

விடியும் முன்னே கலைப்பிரியாவுக்குப் பெண் பிறந்தது. கொஞ்சம் தாமதித்துத்தான் அழுதது. அழுதது. அதுபோதும். அதே நேரம் இடது கையில் இருந்த பிடி தளர்ந்தது.

துடைக்க வந்த ஆயா காலிக் கட்டிலைப் பார்த்துக் கத்தினாள். "இந்த பெட்டுல யாரு படுத்தது? விரிப்பெல்லாம் நனைஞ்சு கெடக்கு." தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "சூடா இருக்கு."

காலையில் லட்சுமியம்மாள் வந்தாள். பேத்தியைப் பார்த்தாள். வெளியே வந்து அன்புச்செல்வியின் முன்னால் நின்றாள்.

"வழியில... அவ நின்னாளா?"

"நின்னா."

"இன்னா கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல. அவளுக்கு இன்னும் வலிச்சிக்கினு இருந்துச்சு. அவ்ளோதான்."

லட்சுமியம்மாள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறி முகத்தில் அடித்தும் எழுந்திருக்கவில்லை.

ஏரிக்கரையில் இப்போது வண்டி நிற்பதில்லை என்கிறார்கள். அன்புச்செல்வி பயிற்சியை முடித்துவிட்டாள். எந்த வீட்டு வாசலிலும் நின்று, "கூப்பிட்டவ எங்க?" என்றுதான் கேட்கிறாள், உள்ளே வரலாமா என்று கேட்பதில்லை. தென்னரசுதான் தங்கைமேல் ஏதோ வந்திருக்கிறது, பூசாரியிடம் போய்க் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தான்.

"கட்டறதுக்கு அது இன்னா தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாளாம். "பூசாரிய நம்ம வாசல்ல பாத்தேன்னா, நான் வூட்ட வுட்டுப் போயிடுவேன்."

அது என்றுதான் சொன்னாள். அவள் என்று சொல்லவில்லை.

தென்னரசு கூடத்தில் படுத்துக்கொள்வான். பிரபாவதியும் அவளும் ஒரே அறையில்தான் படுப்பார்கள். எவ்வளவு குளிரிலும் அன்புச்செல்வி இடது கையைப் போர்வைக்கு வெளியேதான் போட்டுக்கொள்வாள். ஒரு ராத்திரி அதை எடுத்து உள்ளே வைக்கலாம் என்று பிரபாவதி தொட்டாள்.

கை காய்ந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் நனைந்திருந்தது. வெதுவெதுப்பாக... நுனி சுருங்கி... பச்சைப்பிள்ளை வெகுநேரம் சப்பிவிட்டு, இப்போதுதான் வாயை எடுத்த விரல் மாதிரி.