கட்டிலுக்கு அடியில் இடம்

வேதாரண்யத்திலிருந்து திருவாரூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். மகள் கல்யாணத்துக்குக் கட்டில் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“அடியில பெட்டி வச்ச கட்டில் வேணாங்க. ஆளு பூந்துக்க எடம் இருக்கணும்” என்றாள் அந்த அம்மாள்.

அவர் சிரித்தார். “கட்டிலுக்கு அடியில யாரு படுக்கப் போறா?”

“புயல்ல நானும் புள்ளையும் அங்கதான் கெடந்தோம். ஓடெல்லாம் பறந்து உத்தரம் சரிஞ்சு, எங்கம்மா குடுத்த தேக்குக் கட்டில் மேலதான் விழுந்துச்சு. கட்டில் போச்சு, நாங்க பொழச்சோம்.”

“ஓடு பறந்துச்சுன்னுதானே சொன்ன? இத எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“நீங்க துபாய்ல இருந்தீங்க. சொன்னா அங்க எப்படித் தூங்குவீங்க? இப்பவும் காத்து கொஞ்சம் பலமா அடிச்சா, பூந்துக்க எடம் தேடுறேன்.”

“பொண்ணு போறது கான்கிரீட்டு வீடும்மா.”

“கடல் பக்கந்தானே? நாளைக்கு அவ புள்ளைங்களுக்கும் அந்தக் கட்டில்தான் நிக்கணும்.”

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கட்டில் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, பெட்டி வச்சது வேணாம். நல்ல தேக்குல, காலு ஒசரமா எடுத்து வைங்க. ஒண்ணு இல்லண்ணே, ரெண்டு. ஒண்ணு எங்க வீட்டுக்கு.”